மூன்று முறை இறங்கிய சோடியம்: ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளிக்கு 48 வயது. காவிரிப் படுகையில் ஒரு கிராமம். நடவுக்கும் களையெடுப்புக்கும் போய் வீட்டைத் தாங்கிய பெண். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

மே மாதம், அதிகாலை 2 மணி. 108 ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். நான்கு நாளாக வாந்தி, கூடவே லேசான காய்ச்சல். இரண்டு நாளாகப் பேச்சு குழறி, பெற்ற மகளையே யாரென்று கேட்டிருக்கிறார். வரும் வழியில் ஒருமுறை வலிப்பு. கூட வந்தவர்கள் மகளும் நோயாளியின் அக்காவும். ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளும்போதே மகள் சொன்னார்: "அம்மாவுக்கு மறுபடியும் சோடியம் குறைஞ்சிருச்சு டாக்டர்."

மறுபடியும் என்ற அந்தச் சொல்லை நான் அந்த நேரத்தில் சரியாகக் காதில் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் இரண்டு மணி நேரம் முன்னதாகவே நோயைப் பிடித்திருக்கலாம்.

ரத்த அழுத்தம் 84/56. நாடித்துடிப்பு 92. விரலில் குத்திப் பார்த்த சர்க்கரை 58. எடை சுமார் 44 கிலோ. கால் வீக்கம் இல்லை, வயிற்றில் நீர் இல்லை. ரத்தவாயு மெஷினில் போட்டதும் சோடியம் 106 என்று வந்தது; இருக்க வேண்டியது 135 முதல் 145 வரை. பொட்டாசியம் 4.1, அது சரியாகவே இருந்தது. டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றிச் சர்க்கரை ஏறிய பிறகும், எங்கள் கண்முன்னேயே இரண்டாவது வலிப்பு வந்தது.

வலிப்பு வந்துவிட்டால் காரணம் தேட நேரமில்லை. தண்ணீர் உள்ளே புகுந்து மூளை வீங்கியிருக்கிறது. முதலில் அதை இறக்க வேண்டும். 3 சதவீத சலைன் 150 மி.லி., 20 நிமிடத்தில். தெளிவு வராததால் அதே அளவு இன்னொரு முறை. 3.30 மணிக்கு சோடியம் 111. கண்ணைத் திறந்தார், மகளின் பெயரைச் சொன்னார். அங்கேயே 3 சதவீத சலைனை நிறுத்தினோம். ஆபத்தான அறிகுறி இருக்கும்போது முதல் சில மணி நேரத்தில் 4 முதல் 6 வரை ஏறினால் போதும், வலிப்பு அடங்கிவிடும். 135-ஐத் தொட வேண்டும் என்ற அவசரம் அந்த இரவில் யாருக்கும் தேவையில்லை.

இனி சிறுநீர் பரிசோதனை. அடர்த்தி 412, சிறுநீரில் சோடியம் 68. ரத்தத்தின் அடர்த்தி 220. சாதாரணமாக 275-க்குக் கீழே போகாது. ரத்தம் இவ்வளவு நீர்த்துக் கிடக்கும்போது சிறுநீரகம் தண்ணீரைத் தாராளமாக வெளியே விட வேண்டும், சிறுநீர் வெறும் தண்ணீர் போல இறங்க வேண்டும். இவருக்கு அது நடக்கவில்லை. ஏ.டி.ஹெச். என்ற ஹார்மோன் தேவையில்லாத நேரத்தில் சுரந்து தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். யூரியாவும் யூரிக் அமிலமும்கூடக் குறைவுதான். இப்படி ஏ.டி.ஹெச். தேவையின்றிச் சுரக்கும் நிலைக்கு உள்ள பெயரையே கேஸ் ஷீட்டில் எழுதினேன்: "எஸ்.ஐ.ஏ.டி.ஹெச்."

எழுதிய கையோடு உறுத்தல் தொடங்கியது. எஸ்.ஐ.ஏ.டி.ஹெச். நோயாளியின் ரத்த அழுத்தம் 84 ஆக இருக்காது. சர்க்கரை 58-க்கு இறங்காது. நான்கு நாள் வாந்தியால் இருக்கலாம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வழி இருந்தது. ஆனால் 500 மி.லி. நார்மல் சலைன் போன பிறகும் அழுத்தம் 90-ஐத் தாண்டவில்லை.

துணிப்பையில் இருந்தவை

அக்காவிடம் பழைய காகிதங்கள் இருக்கின்றனவா என்று கேட்டேன். ஜவுளிக்கடைத் துணிப்பை ஒன்றை மேசையில் கவிழ்த்தார். இரண்டு டிஸ்சார்ஜ் சம்மரிகள், நாளிதழ்த் துண்டில் மடித்த கல்லுப்புப் பொட்டலம், தைராய்டு மாத்திரை பாட்டில் ஒன்று.

முதல் சம்மரி ஒன்றரை வருடம் பழையது. வாந்தி பேதி, சோடியம் 119. சலைன் ஏற்றியிருக்கிறார்கள். மருந்துப் பட்டியலின் நடுவில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி, இரண்டு நாள். எதற்கென்று குறிப்பில்லை. மறுநாளே சோடியம் 131. இரண்டாவது சம்மரி எட்டு மாதம் முந்தையது, வேறொரு மருத்துவமனை. அப்போது 118. இரண்டு நாளில் 3 லிட்டர் நார்மல் சலைன் ஏற்றிய பிறகு 116-க்கு இறங்கியிருக்கிறது. பிறகு தண்ணீரைக் குறைத்து, உப்பு மாத்திரை கொடுத்து, 127-இல் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். "உப்பு நிறையச் சேர்த்துக்கொள்ளவும்" என்று கடைசி வரி. பொட்டலம் அந்த வரியால் வந்தது. களைப்பு வரும்போதெல்லாம் வயலில் ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்துக்கொள்வாராம்.

பாட்டிலில் தைராக்சின் 100 மைக்ரோகிராம், 100 மாத்திரை. கொட்டி எண்ணினேன். 58 இருந்தன. ஆறு வாரம் முன்பு, உடம்பு சோர்வு என்று போன இடத்தில் ரத்தம் பார்த்துத் தொடங்கியது. அந்த ரிப்போர்ட்டும் உள்ளே மடங்கிக் கிடந்தது. தைராய்டு ஹார்மோனான ஃப்ரீ டி4 0.4, தைராய்டைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோனான டி.எஸ்.ஹெச். 4.8.

அந்த இரண்டு எண்களை ஒன்றாகப் பார்க்க வேண்டும். தைராய்டு இவ்வளவு கீழே போயிருந்தால், மூளைக்கு அடியில் இருந்து மற்ற சுரப்பிகளுக்குக் கட்டளையிடும் பிட்யூட்டரி சுரப்பி கத்திக் கூப்பாடு போட வேண்டும், டி.எஸ்.ஹெச். 50, 100 என்று ஏறியிருக்க வேண்டும். 4.8 என்பது பிட்யூட்டரியால் குரல் கொடுக்க முடியவில்லை என்பதன் அடையாளம்.

அப்போதுதான் அவரைச் சரியாகப் பார்த்தேன். வெளிறிய முகம், மெல்லிய சுருக்கங்கள், புருவத்தின் வெளிப்பாதி உதிர்ந்திருந்தது. அக்குளில் முடியே இல்லை. வெயிலில் வேலை செய்கிறவரின் தோலில் எதிர்பார்க்கும் கறுப்புகூட இல்லை. சித்திரை வெயிலிலும் போர்வை இல்லாமல் தூங்க மாட்டார் என்று மகள் சொன்னார்.

அக்காவிடம் கேட்டேன்: "இவங்களுக்குத் தீட்டு நின்னு எவ்வளவு நாளாச்சு?"

"அது எப்பவோ நின்னு போச்சுங்க. இந்தப் பொண்ணு பொறந்ததுக்கு அப்புறம் வரவே இல்லையே."

"பால் கொடுத்தாங்களா?"

"பால் ஊறவே இல்லைங்க. பசும்பால்லதான் வளர்த்தோம். வீட்டுலதான் பொறந்துச்சு. ரத்தம் நிக்கவே இல்ல, பாயெல்லாம் நனைஞ்சு போச்சு. வேன் புடிச்சு டவுனுக்குக் கொண்டுபோய் ரெண்டு பாட்டில் ரத்தம் ஏத்தித்தான் பொழைச்சா."

அந்தப் பெண் குழந்தைதான் இப்போது 24 வயதில் கட்டிலின் மறுபக்கம் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

4.30 மணி. பிட்யூட்டரியின் கட்டளையில் அட்ரினல் சுரப்பி சுரக்கும் கார்டிசால் ஹார்மோனுக்கு ரத்தம் எடுத்து வைத்துவிட்டு, முடிவுக்குக் காத்திராமல் அதன் மருந்து வடிவமான ஹைட்ரோகார்டிசோன் 100 மி.கி. நரம்பில் போட்டோம். மதியம் வந்த கார்டிசால் 1.6. இவ்வளவு பெரிய உடல் நெருக்கடியில் இருக்கும் ஒருவருக்கு அது சாதாரணமாக 18-ஐத் தாண்டியிருக்கும். சினைப்பையைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோனான எஃப்.எஸ்.ஹெச். 3.1, 48 வயதில் மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கு இது பல மடங்கு கூடுதலாக இருக்க வேண்டும். பால் சுரக்கவைக்கும் புரோலாக்டினும் அடிமட்டத்தில். நோயின் பெயர் ஷீஹான் சிண்ட்ரோம். கிளாஸ்கோவில் நோய்க்கூறியல் நிபுணராக இருந்த ஹரால்ட் ஷீஹான் 1937-இல் விவரித்தது.

உப்பு போகவில்லை, தண்ணீர் சேர்ந்தது

கர்ப்ப காலத்தில் பிட்யூட்டரி சுரப்பி பெரிதாகிறது. பால் சுரக்கவைக்கும் செல்கள் பெருகுவதால் வரும் வளர்ச்சி அது. அதன் முன்பகுதிக்கு ரத்தம் வருவதோ அழுத்தம் குறைந்த சிறு சிரைகள் வழியாக. பிரசவத்தில் ரத்தம் கொட்டி அழுத்தம் விழும்போது முதலில் பட்டினி கிடப்பது இந்த முன்பகுதிதான். அது கருகிப் போகிறது. பின்பகுதிக்குத் தனித் தமனி உண்டு. அது பெரும்பாலும் தப்பிவிடும். ஏ.டி.ஹெச். பின்பகுதியிலிருந்து வருகிறது. ஆக இந்தப் பெண்ணிடம் தண்ணீரைப் பிடிக்கும் ஹார்மோன் இருந்தது, அதற்குக் கடிவாளம் போடும் கார்டிசால் இல்லை. கார்டிசால் இல்லாதபோது மூளை ஏ.டி.ஹெச்.-ஐ நிறுத்தாமல் விடுகிறது. ரத்த அழுத்தம் குறைவதும் அதே திசையில் தள்ளுகிறது.

அட்ரினல் சுரப்பியே கெட்டுப்போயிருந்தால், அது சுரக்கும், பொட்டாசியத்தை வெளியேற்றும் ஆல்டோஸ்டிரோனும் போயிருக்கும், பொட்டாசியம் ஏறியிருக்கும், தோல் கறுத்திருக்கும். எந்த டாக்டருக்கும் சந்தேகம் வந்துவிடும். பிட்யூட்டரி கோளாறில் ஆல்டோஸ்டிரோன் பத்திரமாக இருக்கிறது, பொட்டாசியம் சரியாகவே காட்டும். அதனால்தான் காகிதத்தில் அப்படியே எஸ்.ஐ.ஏ.டி.ஹெச். போலத் தெரிகிறது. 1957-இல் ஷ்வார்ட்ஸும் பார்ட்டரும் நுரையீரல் புற்றுநோய் இருந்த இரண்டு பேரை வைத்து எஸ்.ஐ.ஏ.டி.ஹெச்.-ஐ விவரித்தார்கள். அட்ரினல் குறையும் தைராய்டு குறையும் இல்லை என்று உறுதி செய்த பிறகே அந்தப் பெயரை வைக்கலாம் என்பது அதன் இலக்கணத்திலேயே இருக்கிறது. நடைமுறையில் அந்தக் கார்டிசால் பரிசோதனைதான் முதலில் விட்டுப்போகிறது. இரண்டு மருத்துவமனைகளில் விட்டுப்போனது. அன்று அதிகாலை என் எழுத்திலும் விட்டுப்போனது.

"சோடியம் குறைவு" என்றதும் குடும்பத்தார் மனதில் மட்டுமல்ல, நம் மனதிலும் உப்பு குறைந்துவிட்டது என்றுதான் ஓடுகிறது. ஒரு குண்டான் ரசத்தில் இரண்டு செம்பு தண்ணீரைக் கூடுதலாக விட்டால் உப்பு சப்பென்றாகிவிடும். போட்ட உப்பு எங்கும் போகவில்லை. பெரும்பாலான சோடியம் குறைவு இந்த வகைதான். இவரிடம் உப்பு போய்ச் சேர்ந்தபோதெல்லாம் சிறுநீரகம் அதை வெளியே தள்ளிவிட்டுத் தண்ணீரை மட்டும் வைத்துக்கொண்டது. கணக்காகவே பார்க்கலாம். 1 லிட்டர் நார்மல் சலைனில் உப்பின் துகள்கள் 308 மில்லிஆஸ்மோல். சிறுநீரின் அடர்த்தி 412-இல் நிலைத்திருந்தால் அத்தனையையும் சுமார் 750 மி.லி. சிறுநீரில் வெளியேற்றிவிடலாம். மிச்சம் 250 மி.லி. வெறும் தண்ணீர், உடலிலேயே தங்கும். இரண்டாவது மருத்துவமனையில் 3 லிட்டர் ஏற்றியும் 118 என்பது 116 ஆனது இப்படித்தான். முதல் மருத்துவமனையில் ஒரே நாளில் 131 வரை ஏற்றிவிட்டதும் சலைன் அல்ல. யாரோ எதற்கோ போட்ட, கார்டிசாலின் வேலையைச் செய்யும் டெக்ஸாமெத்தசோன் ஊசி. அந்த ஏற்றத்தைப் பார்த்து யாராவது ஏன் என்று கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

தைராக்சினைப் பற்றியும் சொல்ல வேண்டும். கார்டிசால் குறைந்த உடலில் தைராக்சினை முதலில் கொடுத்தால், இருக்கிற கொஞ்சம் கார்டிசாலும் வேகமாகச் செலவழிகிறது, உடலின் தேவையோ கூடுகிறது. ஒரு சாதாரணக் காய்ச்சல் போதும், ஆள் விழுந்துவிடுவார். முதலில் ஸ்டீராய்டு, பிறகு தைராய்டு. இந்த வரிசையை மாற்றக் கூடாது. அந்த 42 மாத்திரைகள்தான் அவரை எங்களிடம் கொண்டுவந்தன என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

காலை 8 மணி, யூரின் பை

இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் பயமாக இருந்த நேரம் வலிப்பு வந்த நேரமல்ல.

அதிகாலை முழுக்க மணிக்கு 30, 40 மி.லி. என்று அடர்மஞ்சளாக இறங்கிய சிறுநீர், ஹைட்ரோகார்டிசோன் போட்ட மூன்றரை மணி நேரத்தில் நிறம் மாறியது. 8 மணி தாண்டியதும் குழாயில் தெளிந்த தண்ணீர் ஓடியது. 9 மணிக்குள் 350 மி.லி. அடுத்த மணியில் 400. நர்ஸ் பையைத் தூக்கிக் காட்டி, "கிட்னி நல்லா வேலை செய்யுது டாக்டர்" என்றார். ரத்த அழுத்தம் 110/70. நோயாளி இட்லி கேட்டார். வார்டில் எல்லோர் முகத்திலும் நிம்மதி.

சிறுநீரின் அடர்த்தி 92. கார்டிசால் உள்ளே வந்ததும் ஏ.டி.ஹெச். நின்றுவிட்டது, தேங்கியிருந்த தண்ணீரெல்லாம் ஒரே மூச்சில் வெளியேறுகிறது. 10 மணி சோடியம் 115. எட்டு மணி நேரத்தில் 9 ஏறிவிட்டது, நாங்கள் ஒரு துளி 3 சதவீத சலைன்கூடக் கூடுதலாகக் கொடுக்காமலேயே. இதே வேகத்தில் போனால் மாலைக்குள் 125-ஐத் தாண்டும்.

சோடியம் 48 மணி நேரத்துக்கு மேல் குறைந்திருந்தால் மூளை அதற்குப் பழகிவிடுகிறது. வீக்கத்தைத் தவிர்க்கத் தன் செல்களிலிருந்து பொட்டாசியத்தையும் சில கரிமப் பொருட்களையும் வெளியே அனுப்பிவிடுகிறது. திடீரென்று வெளியில் சோடியம் ஏறினால் அவற்றைத் திரும்ப எடுத்துக்கொள்ள நேரம் இல்லை. செல்கள் சுருங்குகின்றன, நரம்புகளின் மேலுறையான மைலின் உரிகிறது. ஆடம்ஸ், விக்டர், மான்கால் மூவரும் 1959-இல் மூளைத்தண்டின் பான்ஸ் பகுதியில் இதைக் கண்டு விவரித்தார்கள். கொடுமை என்னவென்றால் அது அன்றே தெரியாது. சோடியம் சரியாகி, நோயாளி நன்றாகப் பேசி, வீட்டார் கிளம்பத் தயாராகும் நேரத்தில், இரண்டு முதல் ஆறு நாள் கழித்து, பேச்சு குழறும், விழுங்க முடியாது, கை கால் விழுந்துவிடும். சிலர் கண்ணை மட்டும் அசைத்துக்கொண்டு படுத்துவிடுவார்கள். குடிப்பழக்கம், ஊட்டச்சத்துக் குறை, கல்லீரல் நோய், பொட்டாசியக் குறைவு, 105 அல்லது அதற்கும் கீழே போன சோடியம் ஆகியவை இருந்தால் ஆபத்து கூடுதல். இத்தகையவர்களுக்கு 24 மணி நேரத்தில் 8-க்கு மேல் ஏறவிடக் கூடாது. 106-இல் வந்த, 44 கிலோ எடையுள்ள, நான்கு நாள் சாப்பிடாத இவரையும் அந்தக் கணக்கில்தான் வைத்தோம். எல்லையை ஏற்கெனவே தாண்டியிருந்தோம்.

ஹைட்ரோகார்டிசோனை நிறுத்த முடியாது. நிறுத்தினால் உயிர் போகும். அதனால் கதவை வேறு வழியில் சாத்தினோம். டெஸ்மோபிரசின் 2 மைக்ரோகிராம் நரம்பில். அது ஏ.டி.ஹெச்.-இன் வேலையைச் செய்யும் மருந்து. காலையில் எந்த ஹார்மோனைக் குற்றம் சொன்னோமோ அதையே நாங்களே கொடுக்கிறோமே என்று பயிற்சி மருத்துவர் கேட்டார். நியாயமான கேள்வி. சிறுநீர் வழியாகப் போகும் தண்ணீரை நம் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவருவதுதான் நோக்கம். கூடவே 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், கிலோவுக்கு மணிக்கு 3 மி.லி. கணக்கில் சுமார் 130 மி.லி., நான்கு மணி நேரம். மதியம் சிறுநீர் மணிக்கு 45 மி.லி. ஆனது. மாலை சோடியம் 113. டெஸ்மோபிரசினை 8 மணி நேரத்துக்கு ஒருமுறை தொடர்ந்தோம். அது உடலில் இருக்கும்வரை குடிக்கும் தண்ணீரை அளந்தே கொடுக்க வேண்டும், இல்லையென்றால் சோடியம் மறுபடி விழும். மகள் ஒரு டம்ளரை வைத்துக்கொண்டு அளவைக் காலண்டர் தாளின் பின்புறம் எழுதினார்.

மறுநாள் அதிகாலை 2 மணிக்கு, 24 மணி நேர முடிவில், 113. ஏற்றம் 7. அதன் பிறகு 120, 127, 133 என்று நான்காம் நாளுக்குள் ஏறியது. பத்தாம் நாள் வரை பேச்சு, நடை, விழுங்குதல் எல்லாவற்றையும் தினமும் பார்த்தோம். ஒன்றும் குறையவில்லை.

இந்த அனுபவத்துக்குப் பிறகு எங்கள் வார்டில் சோடியம் 120-க்குக் கீழே வரும் எவருக்கும் மணிக்கொரு முறை சிறுநீர் அளக்கிறோம். மணிக்கு 100 மி.லி. தாண்டினால் நர்ஸ் உடனே டியூட்டி டாக்டரை அழைக்க வேண்டும், தூங்கினாலும் எழுப்ப வேண்டும். முதல் நாளில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சோடியம் பார்க்கிறோம், அதுவும் ஒரே மெஷினில். ரத்தவாயு மெஷினும் லேபும் அளக்கும் முறை வேறு; இதில் ஒன்று, அதில் ஒன்று என்று பார்த்தால் இல்லாத ஏற்ற இறக்கம் தெரியும்.

எல்லாச் சோடியம் குறைவும் இப்படி அரிதான நோயல்ல, சரிதான். தயசைடு வகை பி.பி. மாத்திரை சாப்பிடும் மெலிந்த மூதாட்டிகள், மனச்சோர்வு மருந்தோ வலிப்பு மருந்தான கார்பமசெபினோ எடுப்பவர்கள், நிமோனியா, டி.பி., இதயமும் கல்லீரலும் பழுதானவர்கள்தான் வார்டில் அதிகம். சர்க்கரை 500-ஐத் தாண்டினாலும் சோடியம் குறைந்து காட்டும். ஆனால் திரும்பத் திரும்ப இறங்கினால், ரத்த அழுத்தமும் சர்க்கரையும் சேர்ந்து இறங்கினால், காலை கார்டிசால் ஒன்று பார்க்காமல் விடக் கூடாது. பெண் என்றால் கடைசிப் பிரசவத்தைக் கேட்க வேண்டும். நம் பக்கத்தில் இன்னொரு கேள்வியும் உண்டு: எப்போதாவது கண்ணாடி விரியன் கடித்ததா? அந்த விஷமும் பிட்யூட்டரியைக் கருக்கும், சில நேரம் வருடங்கள் கழித்துத்தான் வெளியே தெரியும்.

எம்.ஆர்.ஐ.யில் பிட்யூட்டரி இருக்க வேண்டிய குழி காலியாக இருந்தது. ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை காலை 10 மி.கி., பிற்பகல் 5 மி.கி. என்று அனுப்பினோம். ஊர் மருந்துக்கடையில் அது இல்லை என்றால் சும்மா இருக்கக் கூடாது, பிரெட்னிசலோன் 5 மி.கி. காலையில் போட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தோம். காய்ச்சல் வந்தால் அளவை இரட்டிப்பாக்க வேண்டும். வாந்தி எடுத்து மாத்திரை தங்காவிட்டால் ஊசிக்கு ஓடி வர வேண்டும். தைராக்சினை ஒரு வாரம் கழித்து 25 மைக்ரோகிராமில் மறுபடி தொடங்கினோம். உப்புப் பொட்டலத்தை அக்காவே குப்பையில் போட்டார்.

மூன்று மாதம் கழித்து வந்தபோது சோடியம் 138. போர்வை இல்லாமல் தூங்குவதாகச் சொன்னார். மகள் ஐந்து மாதக் கர்ப்பமாக இருந்தார். கதவருகே தயங்கி நின்று, "எனக்கும் இது வருமா டாக்டர்?" என்று கேட்டார். இது பரம்பரை நோய் இல்லை, ரத்தப்போக்கால் வந்தது; குழந்தை பிறந்தவுடன் கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்ஸிடோசின் ஊசி போட்டு, ரத்தம் போவதைக் கவனித்து உடனே நிறுத்தினால் இந்த நிலைமைக்கே வராது என்று விளக்கினேன். அதுவரை பேசாமல் உட்கார்ந்திருந்த அம்மா, பையிலிருந்து, ஸ்டீராய்டு எடுப்பவர் என்று காட்டும் தன் அட்டையை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"எந்த ஆஸ்பத்திரியில ரத்தம் வச்சிருப்பாங்கன்னு இதுல எழுதிக் குடுங்க."

அட்டையின் பின்புறம் ரத்த வங்கி உள்ள மருத்துவமனையின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதிக் கொடுத்தேன்.